கிக்குக்கு வழிவிடும் பேஸ்: கம்ப்ரெஸரா, ஷேப்பரா?

பாட்டில் கிக்கும் (ட்ரம்மின் ‘தும்’) பேஸும் (தாழ்ந்த ஸ்வரம்) ஒரே நேரத்தில் முட்டினால் அடியொலி கூழாகிவிடும். அதனால் கிக் விழும்போது பேஸை அமுக்கி, அடுத்த கிக்குக்குள் மேலே விடுகிறோம். கிக்கைக் கேட்டுக் கேட்டு அமுக்குவது சைட்செயின் கம்ப்ரெஸர். ஏற்ற இறக்கத்தை நாமே கோடாக வரைந்து தாளத்தோடு பூட்டிவிடுவது வால்யூம் ஷேப்பர்.

இரண்டு வருஷம் ஷேப்பர்தான் வைத்திருந்தேன். ஒரு நிமிட வேலை, பேஸும் வழுக்கிக்கொண்டு இறங்கி ஏறும். கம்ப்ரெஸரில் அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) இரண்டையும் ரொம்பக் குறைத்தால் பேஸ் கரகரக்கும்; 50 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கே 20 மில்லிசெகண்ட் ஆகிறதே. பீட்டுக்கு ஒரு கிக் என்று ஹவுஸ் நடன இசை மட்டும் செய்கிறவர் ஷேப்பரோடே இருக்கலாம்.

என்னை மாற்றியது புதுச்சேரி வைத்திக்குப்பம். மாசி மகத் தீர்த்தவாரியில் போனில் பதிந்த தவிலை ஒரு பாட்டுக்குள் கொண்டுவந்தேன். தொப்பி என்கிற பக்கத்தில் குச்சி விழும் ‘தும்’தான் அதில் கிக். மனுஷர் வாசிப்பது, போகப் போக வேகம் கூடுகிறது. ஷேப்பரோ 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) அரை செகண்டுக்கு ஒரு தரம் அமுக்கிக்கொண்டே இருந்தது. எட்டு பார் (பாருக்கு நாலு பீட்) தாண்டுவதற்குள் தவில் ஒரு பக்கம், அமுக்கல் ஒரு பக்கம். சரி என்று கம்ப்ரெஸரைப் போட்டு, அதன் சைட்செயின் ஃபில்டரில் மேல் ஒலிகளை வெட்டினேன். கூடு மாட்டிய விரல்கள் மறுபக்கமான வலந்தலையில் பொரிவதை அது கண்டுகொள்ளவில்லை; தொப்பிக்கு மட்டும் பின்னணி குனிந்து நிமிர்ந்தது. ரேஷியோ (எவ்வளவு அழுத்தமாக அமுக்குகிறது என்பது) 4, ரிலீஸ் 180 மில்லிசெகண்ட்.

ஆனால் என் கணக்கில் பெரிய விஷயம், முடித்த பாட்டை மறுபடி திறந்து மாற்றுவது. நடுவில் எட்டு பார் கிக்கை எடுத்தால் கம்ப்ரெஸர் தானே ஓய்ந்துவிடும். ஷேப்பர் இல்லாத கிக்குக்கும் குனியும். போய் அணைக்க வேண்டும். புதிய ஷேப்பர்கள் சிலவற்றுக்கு ஆடியோவைக் கேட்டு அமுக்கவும் தெரியும், என் பழசுக்குத் தெரியாது.

கம்ப்ரெஸரிலும் அடி வாங்கியிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போகும் முன், அவசரமாகக் கிக் சத்தத்தை மாற்றினேன். புதுசு 5 டெசிபல் குறைவு. கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டைத் தொடவே இல்லை. ஸ்பீக்கரில் ஒரே கூழ். அன்றிலிருந்து தனி ட்ராக்கில் ஒரு டம்மி கிக், வெளியே கேட்காது, கம்ப்ரெஸருக்கு மட்டும் போகும். மேலே எந்தக் கிக்கை மாற்றினாலும் அமுக்கல் மாறாது. ஒன்று, வெட்டும்போது இரண்டு ட்ராக்கையும் சேர்த்து வெட்ட வேண்டும். மறந்தால் ஷேப்பர் கதைதான். நானே இரண்டு தரம் மறந்திருக்கிறேன்.

174 பிபிஎம்மில் ஓடும் ட்ரம் அண்ட் பேஸ் என்கிற வேக நடன இசைக்கு இதெல்லாம் எப்படி என்று கேட்டால், நான் செய்தது ஒரே பாட்டு. அதில் ரிலீஸை 180-லிருந்து 90 ஆக்கித்தான் தப்பித்தேன்.