எஸ்எம்எஸ் குறியீடா, ஆப் குறியீடா?

பேஸ்புக் கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டுப் போடுவதென்றால் வழக்கமாக இரண்டு வழி: எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு, இல்லையென்றால் கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற ஆப் காட்டும் குறியீடு.

எஸ்எம்எஸ் சுலபம், பட்டன் போனே போதும். ஆனால் கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) மழை இறங்கினால் சிக்னல் ஒரு கோடுதான். போனைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினால், குறியீடு வந்து சேரும்போது அதன் நேரம் முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய வில்லங்கம், யாராவது ஏமாற்றி உங்கள் போன் இலக்கத்துக்குப் புது சிம் எடுத்துவிட்டால் குறியீடும் அவனுக்கே போகும்.

ஆப்புக்குச் சிக்னலே வேண்டாம். போனுக்குள்ளேயே 30 விநாடிக்கு ஒரு தரம் ஆறு இலக்கக் குறியீடு மாறும். போன் தொலைந்தால்தான் திண்டாட்டம். அதனால் போன் இல்லாமலே உள்ளே போகக் கணக்கு தரும் மாற்றுக் குறியீடுகளை முதலிலேயே தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையில் வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை எடுத்துத் தருவதாகப் பேசி, "அக்கா, இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க" என்பவனிடம் வாசித்துக் காட்டினால் இரண்டுமே வீண்.

நான் ஆப்புக்கு மாறிவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸையே விட்டுவைத்திருக்கிறேன்.