காட்டுக்குள்ள குதிரை ஓட்டுறவங்களுக்கு இந்த ஆரஞ்சு செட் தேவையா?

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நவம்பர் வந்துட்டாலே ட்ரெய்ல் ரைடிங், அதாவது காட்டுப் பாதைல குதிரைச் சவாரி, போற எங்க எல்லாருக்கும் வயித்துல புளி கரைக்கும். நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச சனிக்கிழமை துப்பாக்கி வச்சு மான் அடிக்கிற சீசன் ஆரம்பம், மரங்களுக்கு நடுவுல பழுப்பா பெருசா ஒண்ணு அசஞ்சா அது மானா குதிரையான்னு தூரத்துல இருக்கறவனுக்கு சட்டுனு புரியாது. முன்னாடியாவது ஞாயித்துக்கிழமை வேட்டைக்குத் தடை இருந்துச்சு, அன்னிக்கு மட்டும் பயமில்லாம போய்ட்டு வருவோம், அதையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி 2025ல சட்டத்துல இருந்தே தூக்கிட்டாங்க. சரி இனிமே வேற வழியில்லன்னு, வேட்டைக்காரங்க கண்ணுல படற மாதிரி குதிரைக்கும் நமக்கும் மாட்டுற இந்த ஆரஞ்சு செட்ட ஆன்லைன்ல வாங்கிட்டேன். பிராண்ட் பேரு வேணாம், இதே மாதிரி நிறைய பேர் விக்கிறாங்க.

செட்ல வர்றது: குதிரையோட பின்பக்கத்த மூடுற ஷீட், நெஞ்சுப் பட்டை, வாலுக்கு ஒரு கவர், காலுக்கு நாலு பட்டை, நமக்கு ஒரு வெஸ்ட், ஹெல்மெட் கவர்.

இதுல காசுக்கு ஏத்த பொருள்னா அந்த ஷீட்தான். நாம வெஸ்ட் போட்டா நம்ம முதுகும் நெஞ்சும் தெரியும், ஆனா புதருக்கு அந்தப் பக்கம் இருந்து பாக்குறவனுக்கு முதல்ல கண்ணுல படறது குதிரையோட உடம்புதான, அதுல ஆரஞ்சு இல்லன்னா என்ன பிரயோஜனம். இங்க மான் சீசன்ல வேட்டைக்காரங்களே தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு போடணும்னு ரூல், இந்த ஷீட் ஒண்ணே அதவிட பல மடங்கு இருக்கு. வலைத்துணிங்கறதால வேர்வையும் அடைக்கல. வால் கவரையும் விட்டுடாதீங்க, இங்க இருக்கறது வெள்ளவால் மான், மிரண்டா வாலத் தூக்கிட்டு ஓடும், உங்க குதிரைக்கு வெளிர் வாலா இருந்தா யோசிச்சுப் பாருங்க.

இப்ப குறை. விளம்பரத்துல ‘பளபளக்கும் வெள்ளிக்கோடு’ன்னு அவ்ளோ பில்டப், அது காட்டுக்குள்ள சுத்த வேஸ்ட். அந்தக் கோடு வெளிச்சம் அடிச்சாத்தான் திருப்பி அடிக்கும், ரோட்டுல கார் ஹெட்லைட்டுக்கு சரி, மரத்து மேல உக்காந்திருக்கறவன் என்ன ஹெட்லைட்டா போட்டுட்டு இருப்பான்? பகல்ல வேலை செய்யுறது ஃப்ளோரசென்ட் துணிதான், கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட்டயும் வாங்கி ஆரஞ்சா வெளிய விடறதால மேகமூட்டத்துல கூட எரியுற மாதிரி தெரியும். கால் பட்டையும் அதே கதைதான், புல்லுலயும் செடியிலயும் மறைஞ்சே போயிடுது.

இன்னொண்ணு, வெல்க்ரோ. பிரிக்கும்போது பர்ர்ருனு சத்தம், எங்க பொண் குதிரை ரெண்டு காதையும் பின்னாடி மடக்கிட்டு பக்கவாட்டுல ஒரே தாவு. லாயத்துலயே சில நாள் போட்டுக் கழட்டிப் பழக்காம நேரா காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, காத்துல ஷீட் படபடக்குறதும் அதுக்குப் புதுசு.

ஆமா, ஆரஞ்சு போட்டா மான் ஓடிடும்னு வேட்டைக்காரங்க திட்டுவாங்களான்னு லாயத்துல ஒருத்தர் கேட்டார். மானுக்கு நம்மள மாதிரி ஆரஞ்சு பளிச்சுனு தெரியாது, அதான் அவங்களே அதப் போடறாங்க. ஆனா செட் போட்டாச்சுன்னு விடிகாலைலயும் சூரியன் மறையுற நேரத்துலயும் போகாதீங்க, மான் நடமாட்டம் அப்பதான் ஜாஸ்தி, வெளிச்சமும் கம்மி. நான் மத்தியானம்தான் போறேன், சேணத்துல ஒரு மணி கட்டிட்டு.

துவைக்கும்போது ப்ளீச் வேணாம், வெயில்லயும் காயப் போடாதீங்க, இந்த கலர் சீக்கிரம் வெளிறிடும், வெளிறினா வேற வாங்கிடுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார். முழு செட் தேவையே இல்ல, ஷீட்டும் வால் கவரும் தனியா கிடைச்சா அத மட்டும் எடுங்க, வெஸ்ட் வேட்டை சாமான் கடையிலயே சல்லிசா கிடைக்கும். சைஸ் சந்தேகமா இருந்தா பெருசாவே எடுங்க, இது கொஞ்சம் சின்னதாத்தான் வருது.