டிரெய்லரைக் கொடுத்தனுப்புவதா, கொண்டுபோய் நிறுத்திக் கொடுப்பதா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளின் தோழியுடைய தந்தை கேட்டார்: "அண்ணா, போன வருடம் ஒரு டிரெய்லர் வாங்கினோம். வருடத்தில் மூன்று வாரம்தான் வெளியே போகிறது. மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாமா?" கனடாவின் ரொறன்ரோவை அடுத்த ஏஜாக்ஸிலும் மார்க்கத்திலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்கும் போக முடியாமல் வீட்டுக்குள்ளும் இருக்க முடியாமல் பலர், உள்ளே படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட, பிக்கப் லொறியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இந்த முகாம் வண்டிகளை வாங்கினார்கள். 2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து இழுத்துச் செல்பவையும் இயந்திரம் பொருத்தியவையுமாக 6 இலட்சம் வண்டிகள் வெளியேறின, அது ஒரு சாதனை. அந்த வருடம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். என்னுடையது 26 அடி நீளம், பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள்.

முதல் இரண்டு கோடைகாலங்களில் யாருக்கும் கொடுக்கவில்லை. 2023இல் வருகிறவர் தன் பிக்கப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும்படி கொடுத்தேன். 2024 முதல் நானே இழுத்துச் சென்று முகாமிடத்தில் நிறுத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன். வாடகைக்கு விடுவதென்றால் மூன்றாவது வழிதான் சரி என்பது என் முடிவு. அதற்குக் காரணம் வருமானம் இல்லை, தண்ணீர். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வாடகைக்கு விடாமல் வைத்திருப்பது பற்றி விளக்க அதிகம் இல்லை. நிறுத்திவைக்கும் இடத்தின் வாடகை, காப்புறுதி, வருடாவருடம் குறையும் விலை மூன்றும் வண்டி ஓடினாலும் நின்றாலும் போய்க்கொண்டே இருக்கும். வருடத்துக்குப் பத்து இரவுகளுக்கு மேல் பயன்படுத்தாதவர் விற்றுவிட்டு, தேவைப்படும்போது இன்னொருவருடையதை வாடகைக்கு எடுப்பது மலிவு. ஆனால் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. எங்கள் டிரெய்லரின் கதவு நிலையில் மகளின் உயரத்தை ஒவ்வொரு கோடையிலும் பென்சிலால் குறித்துவந்தோம். வாடகைக்கு எடுத்த ஒரு குடும்பம், திருப்பித் தரும்போது சுத்தமாக இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அதைத் துடைத்துவிட்டது. அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. மனைவிதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இப்படியான இழப்பைத் தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் வாடகைக்கு விடவே வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிக் கொடுத்தனுப்புவது. ஒட்டாவாவில் தொடங்கிய ஆர்வீஸி, அமெரிக்காவின் அவுட்டோர்ஸி போன்ற வாடகை இணையத்தளங்களில் படங்களைப் போட்டு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், ஜூலையும் ஓகஸ்டும் தாமாகவே நிரம்பும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வழக்கமான வாகனக் காப்புறுதி, வண்டியை வாடகைக்கு விட்டிருக்கும் நேரத்தில் கைகொடுக்காது. அதனால் தளத்தின் காப்புறுதியில்லாமல் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கைமாற்றாகக் கொடுப்பது பெரும் ஆபத்து. நம்மவர்களிடையே இது அதிகம் நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். வைப்புப் பணம், ஒப்பந்தம், புறப்படும்போதும் திரும்பும்போதும் எடுக்கவேண்டிய படங்கள் எல்லாவற்றையும் தளமே ஒழுங்குபடுத்துகிறது. நான் அப்படிக் கொடுத்த 2023 கோடையில் என் டிரெய்லர் 41 இரவுகள் வெளியே போனது. இரவுக்கு 145 டொலர். தளத்தின் பங்கு போக 4,700 டொலருக்குச் சற்று அதிகமாகக் கையில் வந்தது. நல்ல காசு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஏப்ரலில் குளிர்கால உறையைக் கழற்றி, உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்க மூலையில் கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியில் புளித்த மாப்போல ஒரு மணம். சுவர்த்தாள் கொஞ்சம் அலையடித்திருந்தது. விரலால் அழுத்தினேன். ஊறிய பாணுக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது. கறுத்த, ஈரமான மரத்தூள் நகத்தில் ஒட்டியது. ஏணி வைத்து மேலே பார்த்தால், கூரை விளிம்புத் தகட்டில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு. பக்கத்தில் மரப்பட்டையின் பச்சைக் கறை. ஏதோ ஒரு வளைவில் தாழ்ந்த கிளை உரசியிருக்கிறது. இழுத்தவருக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. முன்னால் பிக்கப்பில் இருப்பவருக்கு 20 அடி பின்னால் கூரையில் நடப்பது எப்படிக் கேட்கும்?

இந்த வண்டிகள் எப்படிச் செய்யப்பட்டவை என்று தெரிந்தால் அந்தச் சின்னப் பிளவின் பாரம் புரியும். பெரும்பாலானவற்றில் கூரை என்பது மெல்லிய ஒட்டுப்பலகைமேல் ஒட்டிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. வெளிச்சுவர் பலவற்றில் ஒட்டுப்பலகைமேல் ஒட்டிய மெல்லிய ஃபைபர் கிளாஸ். புகைபோக்கி, காற்றுத் துவாரம், ஏணி, விளிம்பு என்று கூரையில் எங்கெல்லாம் துளை உண்டோ அங்கெல்லாம் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சுத்தான் மழைக்கும் மரத்துக்கும் இடையில் இருக்கும் ஒரே காவல். வெயிலில் அது வெடிக்கும், பாதை ஆட்டத்தில் விலகும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்த்துப் பூசவேண்டும். ஒரு துளி உள்ளே போனால் அது விழுந்த இடத்தில் நிற்காது. சட்டத்தின் வழியே ஓடி வேறொரு மூலையில் இறங்கும். ஒட்டுப்பலகை ஊறினால் பசை விடும், வெளிச்சுவர் கொப்புளம்போல ஊதும். அப்படி ஊதிய சுவரை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

காப்புறுதியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மோதல் என்றால் யார், எப்போது என்று சொல்ல முடியும். அந்தக் கோடையில் என் டிரெய்லர் எட்டுக் குடும்பங்களிடம் போய் வந்திருந்தது. யாருடைய நாளில் கிளை உரசியது என்று எப்படி நிறுவுவது? சேதத்தை வண்டி திரும்பியவுடனேயே அறிவிக்கவேண்டும், மெதுவாகக் கசிந்து உக்கியது தேய்மானமாகக் கருதப்படும் என்று நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. நியாயமான நிபந்தனைதான். ஞாயிறு காலை 11 மணிக்கு ஒருவர் திருப்பித் தந்து, 3 மணிக்கு அடுத்தவர் வந்து நிற்கும்போது, விரிப்பு மாற்றி, கழிப்பறை கழுவி, எரிவாயு நிரப்பி முடிப்பதற்கே நேரம் போதாது. நான் கூரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பிரித்துப் பலகை மாற்றியதில் 3,900 டொலர் போனது.

திருத்திய பிறகு, விற்றுவிடலாமா என்று விலை கேட்க ஒரு விற்பனையாளரிடம் கொண்டுபோனேன். அவர் அடுப்பைத் திறக்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை, எத்தனை குடும்பங்கள் தங்கின என்று கேட்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பிடி அளவு ஈரமானி ஒன்றை எடுத்து, நான்கு மூலைகளிலும் ஜன்னல்களின் கீழும் வைத்து வைத்துப் பார்த்தார். திருத்திய மூலையில் இன்னும் கொஞ்சம் ஈரம் காட்டியது. அவர் சொன்ன விலை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. கம்பளக் கறை, கீறல், உடைந்த இழுப்பறை எல்லாம் மன்னிக்கப்படும். ஈரம் மன்னிக்கப்படாது. வாடகைக்கு விடும் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கூரையையும் மூலைகளையும் நான் கண்ணால் பார்க்க இந்த வழி இடம் தருகிறதா?

நானே கொண்டுபோய் நிறுத்தும் முறையில் அது தானாகவே நடக்கிறது. கிளையில் உரசினால் உரசியவன் நான், எனக்குத் தெரியும். முகாமிடத்தில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, மட்டம் பார்த்து, 30 ஆம்ப் மின்சாரத்தை இணைத்து, குழாயில் அழுத்தத் தடுப்பானைப் பொருத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். மட்டம் பார்ப்பது வசதிக்காக மட்டுமில்லை. எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி சாய்ந்து நின்றால் கெட்டுப்போகும். வண்டியோடு இணைந்த துணிப்பந்தலை இரவிலும் காற்றிலும் மடித்துவிடும்படி கேட்டு, ஒரு தடவை அவர்களையே மடிக்க வைத்துப் பார்ப்பேன். முடியும் நாளில் நானே ஏணி வைத்து ஏறி, சீலன்டைத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு மூலையிலும் ஈரமானி வைத்து எண்களைக் குறித்துக்கொள்கிறேன். அந்த ஈரமானியை 50 டொலருக்குள் வாங்கினேன்.

கழிவுத் தொட்டியும் இதில் அடங்கும். கொடுத்தனுப்பிய கோடையில் யாரோ கழிப்பறைத் தொட்டியின் அடைப்பைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். நீர் ஓடிவிட, திடக்கழிவு அடியில் மலைபோலக் காய்ந்துவிட்டது. அதைக் கரைக்க எனக்கு மூன்று நாட்கள் ஆயின. இப்போது தொட்டிகளை நானே கழிவு இறக்கும் நிலையத்தில் காலிசெய்கிறேன். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல் நீர்த் தொட்டி, பின்னது முன்னது போன குழாயைக் கழுவிவிடும். வாடகைக்கு எடுப்பவர்களும் இந்த வேலை தங்கள் தலையில் இல்லை என்றதும் முகம் மலர்கிறார்கள்.

வாடகைக்கு வருபவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு பிக்கப் வைத்திருப்பவர்கள் மட்டுமே கேட்டார்கள். இப்போது கொரோலா ஓட்டுகிற, பெற்றோரையும் கைக்குழந்தையையும் கூட்டிச்செல்ல விரும்புகிற குடும்பங்கள் கேட்கின்றன. கூடாரத்தில் தரையில் படுக்க முடியாத அம்மம்மா ஒருவர் பிரெஸ்கீல் பூங்காவில் ஏரியைப் பார்த்தபடி கதிரையில் இருந்து தேநீர் குடித்ததைக் கண்டபோது, இந்த வேலையில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி வந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். இரவுகள் 41இலிருந்து 33ஆகக் குறைந்தன, தளத்தின் பங்கு போக வாடகையில் ஏறக்குறைய 900 டொலர் குறைவு. கொண்டுபோவதற்குத் தனிக்கட்டணம் 175 டொலர் வாங்குகிறேன். நிறுத்தப் போய்வர, எடுக்கப் போய்வர என்று நான்கு ஓட்டம் ஓடினால் பெற்றோல் செலவும் தளத்தின் பங்கும் போக அதில் மிஞ்சுவது 30 டொலர் அளவில்தான். ஆகவே 120 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. டார்லிங்டன், பிரெஸ்கீல், எமிலி பூங்காக்கள் சரி. தொலைவில் உள்ள அல்கொன்குவின் பூங்காவுக்கு யாராவது கேட்டால் மறுத்துவிடுகிறேன். கோடையில் ஒன்பது வார இறுதிகள் பாதி நாள் எனக்கு இல்லாமல் போகின்றன. சிறுபிள்ளைகள் உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்கவேண்டும்.

இழுவை வண்டிக்கும் சட்டம் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு இழுத்தால் அது வணிகப் பயன்பாடு. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோகிராமைத் தாண்டும்போது ஒன்ராறியோவில் வணிக வாகன இயக்குநர் பதிவு பற்றிய கேள்வி வரும். என் காப்புறுதி முகவருக்கு எழுத்தில் அறிவித்து, எழுத்தில் பதில் வாங்கி, பதிவையும் முடித்த பிறகுதான் தொடங்கினேன். வாயால் சொன்ன சம்மதம் விபத்து நாளில் உதவாது. பூங்கா அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், தனியார் முகாம்களில் சில அனுமதிப்பதில்லை. வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவேண்டும். தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் 30,000 டொலரைத் தாண்டாதவரை எச்எஸ்டி என்னும் விற்பனை வரிக்கான பதிவு கட்டாயமில்லை, ஒரு டிரெய்லரால் அந்தத் தொகையைத் தொடுவது அரிது.

இயந்திரம் பொருத்திய மோட்டார் ஹோம் பற்றி என் அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒன்ராறியோவில் 11,000 கிலோகிராம் வரை சாதாரண ஜி ஓட்டுநர் உரிமம் போதும். வாழ்நாளில் சிறிய கார் மட்டும் ஓட்டியவர், 30 அடி வண்டியை எந்தப் பயிற்சியும் இல்லாமல் 401 நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகச் சட்டம் தடைசெய்யவில்லை. ஏறும் கிலோமீட்டர்களும் மறுவிற்பனை விலையைத் தின்னும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தால் கொடுத்தனுப்பத் துணியமாட்டேன்.

வாடகை நிறுவனத்திடம் வண்டியையே ஒப்படைத்துப் பங்கு வாங்கும் முறையை என் மச்சான் ஒரு கோடை செய்து பார்த்தார். தொல்லை இல்லை, ஏறக்குறைய பாதிப் பங்கு வந்தது என்றார். கூரையை யார், எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு கோடையை வைத்து அந்த முறையைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் கையெழுத்திடுமுன் அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளின் தோழியுடைய தந்தைக்கு நான் சொன்னது இது. செப்டெம்பர் முடிவோடு வாடகையை நிறுத்திவிடுங்கள். ஒக்டோபரில் ஓர் இரவு உறைந்தாலும் குழாய் வெடிக்கலாம், வாடகைக்கு வந்தவர் அதைக் காலையில்தான் காண்பார். நன்றிகூறல் விடுமுறைக்கு முன் தொட்டிகளையும் குழாய்களையும் வடித்து, இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரை ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும்வரை ஓடவிடுங்கள். அதே நாளில் ஏணியை வைத்து ஏறி, வெடித்த சீலன்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள், குளிர் இறங்கிவிட்டால் அது ஒட்டாது. மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலைக்கு இடம் பிடித்தவர்கள் பெப்ரவரியிலேயே உங்களைத் தேடி அழைப்பார்கள், அப்போது கூரையில் ஒரு முழம் பனி கிடக்கும்.