ஊருக்கு வரும்போது அப்பா புகையை நிறுத்தவும் நேரம் ஒதுக்குங்கள்: சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத் தாதியர் சேவை

இருமிக்கொண்டே புகைக்கும் அப்பாவையோ மாமாவையோ புகையை நிறுத்தப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போக நினைத்தால், விடுமுறையின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். நிறுத்திய முதல் சில நாள்களில்தான் ஏக்கம் உச்சத்தில் இருக்கும். அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற தாதி அறிவுரையில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறார். அதுவே இந்தச் சேவையின் பலம். நாளுக்கு எத்தனை சிகரெட், எத்தனை ஆண்டு, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? நாளுக்கு 20, அதாவது ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு என்றால் 30 பாக்கெட்-ஆண்டு. கூடவே மூச்சிரைப்பும் சளியும் இருந்தால் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலை அளக்கும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் வினாடியில் வெளிவருவது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அது சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் காட்டும்.

புகையால் உடம்பில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னால் தயங்க வேண்டாம். அந்த வாயு உடம்பில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரண்டு நாள் புகைக்காமல் வந்தாலே எண் இறங்கியிருக்கும். பெரியவர்களுக்கு எந்தப் பேச்சையும்விட அந்த எண் தெம்பு தரும்.

மருந்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளுக்குப் பத்துக்குமேல் புகைத்தவருக்கு தோலில் ஒட்டும் 24 மணி நேர நிக்கோட்டின் பட்டை வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கும். குறைந்த அளவில் ஒட்டினால் ஏக்கம் அடங்காது. தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். எழுந்து அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் (மெல்லும் மருந்து). சூயிங்கம் விற்பனைக்குத் தடையுள்ள நாடு என்பதால், இதை மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காரம் ஏறும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி, காரம் தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். விடாமல் மென்று விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெல்வதற்கு முந்தைய 15 நிமிடம் கோப்பி, பழச்சாறு கூடாது.

கோப்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகை, கல்லீரல் கஃபீனை அகற்றும் வேகத்தைக் கூட்டியிருக்கும். நிறுத்தியபின் அதே நாலு கோப்பி நெடுநேரம் உடம்பில் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதைப் புகை ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைக்கிறார்கள். கோப்பியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர் புகையை நிறுத்தும்முன் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அதன் அளவும் இப்படித்தான் இரத்தத்தில் ஏறும்.

வரும்போது சிகரெட் வாங்கிவராதீர்கள். சிங்கப்பூரில் புகையிலைக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது. மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். “நிறுத்த உதவும்” என்று யாருக்கும் கொண்டுவர வேண்டாம். நீங்கள் விமானம் ஏறியபின் அப்பா பேச, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் புகை நிறுத்த உதவும் தொலைபேசிச் சேவையான குவிட்லைன் எண் 1800 438 2000. அதைக் கைபேசியில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.