கஞ்சியா, மோரா, சூப்பா? எடைக்குறைப்பு அறுவை நாட்களில் நாக்கின் ஆசைக்கு எது தோது?

எடைக்குறைப்பு அறுவைக்கு முன் பெரும்பாலும் இரண்டு வாரம், முடிந்த பின் இன்னும் இரண்டு வாரம் திரவ உணவுதான் என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். அதில் மோர், ரசம், சூப், பால், இளநீர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். குடிக்கிறவருக்கு அவை ஒன்றல்ல. முன்பு வருவது நிஜமான பசி. பின்பு வருவது பெரும்பாலும் பழக்கத்தின் இழுப்பு. முதல் இரண்டு வாரத்தில் கைகொடுத்த பானமே பிந்தைய இரண்டு வாரத்தில் தொல்லை தரலாம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகை பக்கத்து வீடுகளில் கிடைப்பதை வைத்தே எது எப்போது நல்லது என்று பார்ப்போம். நாள் கணக்கில் மட்டும் உங்கள் சர்ஜன் தந்த சீட்டே முடிவு.

அறுவைக்கு முன்: கஞ்சி, மோர், பவுடர்

இரைப்பையின் மேல் கல்லீரலின் இடது பாகம் படுத்திருக்கிறது. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப் அறுவையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கொழுப்பேறிக் கனத்த கல்லீரல் தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியும். இடம் போதாமல் அறுவையையே ஒத்திவைப்பதும் உண்டு. மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை கரையும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும். நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, புரதம் 60 முதல் 80 கிராம், மாவுச்சத்து குறைவு என்று சொல்வது இதற்காகத்தான்.

நெல் விளையும் ஊரில் திரவ உணவு என்றதும் முதலில் கை போவது கஞ்சிப் பானைக்கு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 25 கிராம் நொய்யில் ஒரு டம்ளர் கஞ்சி வைத்தால் மாவுச்சத்து 20 கிராம், புரதம் இரண்டு கிராமுக்குள். மாப்பிள்ளைச் சம்பாவாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. மூன்று வேளையும் கஞ்சி குடித்தால் கல்லீரல் எதிர்பார்த்த அளவு சுருங்காது, இரண்டு மணி நேரத்தில் பசியும் திரும்ப வந்து நிற்கும். பருக்கை இல்லாமல் வடித்த நீராகாரம் ஒரு டம்ளர் என்றால் பாதகமில்லை. புளிப்பும் உப்பும் நாக்கைத் தணிக்கும். ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

நீர்மோர் இந்தப் போட்டியில் எளிதாக முந்துகிறது. 100 மில்லி தயிருக்கு 200 மில்லி தண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, ஒரு துண்டு இஞ்சி, பெருங்காயம். புரதம் மூன்று கிராம்தான் தேறும், அதன் பலம் உப்பில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் நாள் தலை இடிப்பதைப் பசி என்று எடுத்துக்கொண்டு ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் கிளைக்கோஜனோடு தண்ணீரும் உப்பும் வெளியேறியதால் வரும் தலைவலி அது. ஒரு டம்ளர் உப்பு மோரோ ரசமோ குடித்துவிட்டு அரை மணி பொறுத்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்காம் நாளுக்கு மேல் பசி தானாகவே கொஞ்சம் அடங்கும்.

புரோட்டீன் பவுடர் மட்டும் போதும் என்பது இன்னொரு கட்சி. 30 கிராம் ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் புரதம் கிடைப்பதால் எண்ணிக்கையில் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் நாள் முழுக்க வெனிலா இனிப்பையே குடித்தால் நாக்கு முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் ஏங்கும். எங்கள் தேர்வு, பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தின் மணம் சேர்க்காத பவுடர். காலையும் மாலையும் ஒரு ஸ்கூப்பை மோரிலோ ஆடை நீக்கிய பாலிலோ கலக்கலாம், இடையில் ரசம் குடிக்கலாம். இரண்டு ஸ்கூப், 400 மில்லி பால், இரண்டு டம்ளர் மோர் சேர்ந்தால் 60 கிராம் வந்துவிடும். கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டினால் திரிந்து கட்டி கட்டியாகும். முதலில் ஆறிய பாலில் குழைத்து, பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ள பாலைச் சேர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவற்றைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் இந்தச் சாப்பாட்டில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, படபடப்போடு வரும் பசியை ஆசை என்று அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று திரவ உணவு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மாவுச்சத்து குறையும்போது அவற்றால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே அப்படி நடக்கலாம் என்பதுதான் ஆபத்து.

அறுவைக்குப் பின்: அளவே முதல் போட்டி

இரைப்பையைச் சன்னக் குழாயாக்கும் ஸ்லீவ் அறுவையில் அதன் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் வயிறு பெரும்பாலும் கேட்காது. ஆனால் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையும் நாலு மணிக் காபி நேரமும் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். கால் மணிக்கு 30 மில்லி என்றால் மணிக்கு 120 மில்லி. நாளுக்கு வேண்டிய ஒன்றரை லிட்டர் இறங்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். சித்திரை, வைகாசி வெயிலில் இதைத் தவறவிட்டால் நாக்கு வறண்டு, அந்தத் தாகமே உணவு ஆசையாகத் தோன்றும். டம்ளரில் குடித்தால் கை தன்னால் சாய்த்துவிடும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்து, அதில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று மருந்து மூடியால் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் மடக்கும் சிறிதாகும், கணக்கும் தப்பாது. மில்லி குறித்த மருந்துக் கோப்பையும் ஆகும், ஆனால் பாலாடையின் மூக்கு திரவத்தை மெதுவாக விடும்.

காரத்துக்கும் உப்புக்கும்: ரசம், எலும்பு சூப், கடப்பா

ரசம் முதல் நாட்களிலேயே உதவும், சீரகமும் பூண்டும் போட்டதாக இருந்தால். புளியும் மிளகாயும் தூக்கலாக இருந்தால் ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் பிடித்துக்கொள்ளும். டீ வடிகட்டி இதற்குப் போதாது, சீரகத் துகளும் மல்லிக்காம்பும் நழுவி வரும். பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் மெல்லிய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும்.

ஆட்டெலும்பு சூப் மணத்தில் ஜெயிக்கும், புரதத்தில் நம்ப முடியாது. அதில் இறங்குவது பெரும்பாலும் கொலாஜன். அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபன் அதில் இல்லை. இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பைத் தட்டாக எடுத்துவிட்டுத்தான் சூடு பண்ண வேண்டும். நாகை, காரைக்கால் பக்கம் மீன்தான் நாக்கில் நிற்கும். குழம்பின் மேல்தண்ணீரை எடுத்துக் குடிப்பது வேண்டாம், அதில் எண்ணெயும் மிளகாயும் புளியும் மொத்தமாக மிதக்கும். மீன் துண்டைப் பூண்டும் மிளகும் போட்டுத் தனியே வேகவைத்து, துணியில் இரண்டு தடவை வடித்தால் முள் பயமும் இல்லை.

பால், பருப்பு வகைக்கு அனுமதி வந்ததும் எங்கள் முதல் இடம் கடப்பா வாசனைப் பாசிப்பருப்பு நீருக்கு. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவின் உயிர் சோம்பு, பட்டை, பூண்டு, பச்சை மிளகாய் வாசனையில் இருக்கிறது, உருளைக்கிழங்கில் இல்லை. 30 கிராம் பாசிப்பருப்பைக் கழுவி 400 மில்லி தண்ணீரில் போடுங்கள். அரை டீஸ்பூன் சோம்பு, விரல்நுனி அளவு பட்டை, இரண்டு பல் பூண்டு, கீறாத ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றைத் துணி முடிச்சாகக் கட்டி உள்ளே விட்டு ஐந்து விசில் விடுங்கள். மிளகாயைக் கீறினால் காரம் இறங்கும், முழுசாக விட்டால் மணம்தான் இறங்கும். முடிச்சை எடுத்துவிட்டு மிக்ஸியில் அடித்து, சன்ன வடிகட்டியில் வடித்து, கரண்டியில் ஒட்டாமல் சொட்டும் வரை வெந்நீர் ஊற்றி உப்புச் சேருங்கள். தேங்காயும் கசகசாவும் வேண்டாம். புரதம் ஏழு கிராம் வரை கிடைக்கும். தெளிவான பருப்புத் தண்ணீரில் அந்தப் புரதம் வராது, பருப்பை அடித்துச் சேர்த்தால்தான் உண்டு.

இதில் கெடுவது ஒரே இடத்தில். ஆற ஆறக் கெட்டியாகும். வைத்துவிட்டு மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்து அப்படியே குடித்தால் நெஞ்சில் அடைத்து, நுரையாக எச்சில் வரும். ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டும்.

காபி

டிகிரி காபியில் சிக்கல் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் கொழுப்பெடுக்காத பாலும். அறுவைக்கு முன், ஆடை நீக்கிய பாலில் சர்க்கரை இல்லாமல் ஒரு டபரா பெரும்பாலான சீட்டுகளில் அனுமதி. பின்பு சில வாரம் காஃபீனைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள், அமிலமும் எரிச்சலும் கூடுவதால். அதற்கு மாற்றாகச் சுக்குமல்லிக் காபி கருப்பட்டி இல்லாமல் ஓரளவு நிற்கும். காபியை விட்ட தலைவலியைத் தவிர்க்க அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அளவைப் பாதி பாதியாகக் குறைத்து வாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை, செய்தால் நிறைய வேதனை மிச்சம்.

இனிப்பு

திருவையாறு அசோகா என்ற பாசிப்பருப்பு அல்வாவை ஒரு ஸ்பூன் கரைத்துக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு அந்தச் சர்க்கரை நேராகச் சிறுகுடலுக்குப் பாய்ந்து, தண்ணீரை உள்ளே இழுத்து, 10 முதல் 30 நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று கிளப்பிவிடும். ஸ்லீவிலும் வரும், குறைவாக. கரும்புச்சாறு, பானகம், பதநீர் எல்லாம் இதே கணக்குதான். சோம்பு, பூண்டு முடிச்சு போடாமல் வேகவைத்த பாசிப்பருப்பு நீரில் உப்புக்குப் பதில் ஏலக்காய், துளி ஜாதிக்காய், சர்க்கரைக்கு மாற்றான சுக்ரலோஸ் போட்டால் அசோகாவின் மணம் வரும். சார்பிட்டால், மால்டிட்டால் உள்ள சுகர்ஃப்ரீ மிட்டாய்கள் வயிற்றை உப்பவைக்கும். இளநீர் இடைநிலை: 250 மில்லியில் மாவுச்சத்து 10 கிராம் வரை, பொட்டாசியம் நிறைய. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

மெல்லும் ஆசை

தாடை எதையாவது கேட்கும். மென்றுவிட்டுத் துப்புவது பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் துணுக்கு இறங்கிவிடும், எச்சில் ஊறி ஆசை இன்னும் கிளம்பும், பிறகு விடமுடியாத பழக்கமாகவும் ஆகும். சூயிங்கம் அறுவைக்கு முன் சரி. பின்பு காற்றை விழுங்கவைக்கும், தவறி உள்ளே போனால் அடைக்கும். வெற்றிலை சீவல் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையை அடியோடு விடவேண்டும், பைபாஸ் இணைப்பில் புண் வர அது வழி. இரண்டு வெற்றிலையை ஒரு டம்ளர் தண்ணீரில் சீரகத்தோடு கொதிக்கவிட்டு வடித்தால் தாம்பூல மணத்துக்குப் போதும். சாப்பாட்டு நேரத்தில் பல் துலக்கிவிடுவதும் வேலை செய்கிறது.

கல்யாணப் பந்தியில் போய் டம்ளரோடு உட்காருவதா, போகாமலே இருப்பதா? அறுவைக்குப் பிந்தைய இரண்டு வாரத்துக்குப் போகாமல் இருப்பதே மேல். பக்கத்தில் இருப்பவர் "ஒரு வாய் பாயசம்தானே" என்று இலையில் ஊற்றிவிட்டால் மறுப்பது கடினம். தையல்கோடு ஆறாத இரைப்பையில் அந்த ஒரு வாய் வாந்தியைக் கிளப்பலாம். தொடர்ந்து வாந்தி, காய்ச்சல், இடது தோள்வலி, நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும் நாடி, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அறுவை செய்த இடத்துக்கே அன்றே கிளம்ப வேண்டும்.

திரவக் கட்டம் முடிந்ததும் சாதத்தில் கை வைக்கத் தோன்றும். சாதம் உருண்டு ஒட்டிக்கொண்டு அடைப்பதால் அதைப் பின்னுக்குத் தள்ளி, குழைந்த பருப்பு, மசித்த முட்டை, முள்ளெடுத்த மீன் ஆகியவற்றில் தொடங்குங்கள். தண்ணீரும் சாப்பாடும் ஒன்றாகப் போகக் கூடாது, இடையே அரை மணி விட வேண்டும்.