18 ஆண்டு மால்ட் போத்தலுக்குள் வேறு சரக்கு: இரண்டாம் கையில் விஸ்கி வாங்குவோர் கவனத்துக்கு

போத்தல் அசல். லேபிள் அசல். அட்டைப்பெட்டியும் அசல். உள்ளே ஊற்றியிருந்ததுதான் போலி.

சிங்கப்பூரில் ஆறு பேர் பங்கு போட்டு, பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் தனியாள் ஒருவரிடம் வாங்கிய ஷெரி பீப்பாய் சிங்கிள் மால்ட் (ஷெரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த, ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி) அது. லேபிளில் 18 ஆண்டு, 700 மில்லி, 46 விழுக்காடு ஆல்கஹால், குளிரூட்டி வடிகட்டாதது, நிறமி சேர்க்காதது என்று தெளிவாக இருக்கிறது. விலை 390 வெள்ளி. அதே போத்தல் அப்போது கடைகளில் 500 வெள்ளிக்கு மேல். பணம் பேநவ் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றம் வழி முன்கூட்டியே போனது. போத்தல் எம்ஆர்டி ரயில் நிலைய வாயிலில் கைமாறியது. ரசீது கேட்டதற்கு “ஏலத்தில் எடுத்தது” என்ற பதில் மட்டும் வந்தது. அந்தக் கணக்கு இப்போது செயலியில் இல்லை.

லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மதுக்கூடத்தில் காலியான அசல் போத்தலில் மலிவான சரக்கை ஊற்றினால் லேபிள் எந்தச் சோதனையிலும் தேறிவிடும். பார்க்க வேண்டியது மூடி, அடிப்பாகம், திரவம்.

மூடியை மறைக்கும் உறையின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் அலைபோல் சுருங்கியிருந்தது. ஆலையில் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடேறும். கையில் சூடேற்றினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். கிழிப்பதற்கான துளைக்கோடு இந்த உறையில் இல்லவே இல்லை. தக்கையைத் திருகியபோது பிடிப்பே இல்லாமல் சத்தமின்றி வந்தது. முதல் முறை திறக்கும் தக்கை அப்படி வராது. போத்தலின் அடிவிளிம்பில் வட்டமாகத் தேய்ந்த கீறல்கள். பெட்டிக்குள்ளேயே இருந்த போத்தலுக்கு அது எப்படி வரும்? மதுக்கூட அலமாரியில் நூறு முறை எடுத்து வைத்த போத்தலுக்குத்தான் வரும்.

கண்ணாடியில் அச்சடித்த தொகுதி எண்ணையும் பாருங்கள். விளம்பரப் படத்தில் இருந்த எண் வேறு, கைக்கு வந்த போத்தலின் எண் வேறு. எண் சுரண்டப்பட்டிருந்தால் மட்டும் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அதிகாரபூர்வ முகவரைத் தாண்டி வேறு வழியில் இறக்குமதியாகும் அசல் சரக்கிலும், யார் விற்றது என்று தெரியாமலிருக்க எண்ணை அழிப்பதுண்டு. படத்தில் உள்ள எண்ணும் போத்தலில் உள்ள எண்ணும் மாறுபட்டால் அதற்குச் சமாதானமே கிடையாது. ஒப்படைக்கும் இடத்திலேயே சரிபார்த்து, மாறியிருந்தால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.

கழுத்தில் திரவம் நிற்கும் அளவை வைத்துச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் 700 மில்லி விஸ்கி ஏறத்தாழ 5 மில்லி விரியும். குறுகலான கழுத்தில் அதுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல். குளிர்சாதனக் கடையில் பார்த்த போத்தலையும் வெளியே வெயிலில் கைக்கு வந்ததையும் ஒப்பிடக் கூடாது. இரண்டையும் ஒரே அறையில் சில மணி நேரம் வைத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இனி திரவம். ஆல்கஹால் ஹைட்ரோமீட்டர் (மிதக்கவிட்டு ஆல்கஹால் செறிவைப் படிக்கும் கருவி) ஒன்று வேண்டும், 0 முதல் 100 விழுக்காடு வரை அளவுள்ளது. பீர் காய்ச்சுவோர் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர் உதவாது. தண்ணீரைவிடக் கனமான திரவத்துக்காகச் செய்த அது விஸ்கியில் மூழ்கிவிடும். உயரமான குறுகிய குழாயில் 100 மில்லி அளவுக்கு ஊற்றி, மிதவையைச் சுழற்றிவிட்டு, ஒட்டிய குமிழ்கள் போனதும், திரவத்தின் வளைவில் அடிமட்டத்தைக் கண் நேராக வைத்துப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் எல்லாரும் ஏமாறுவது வெப்பநிலையில்தான். இந்தக் கருவிகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. இந்தச் செறிவில், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி கூடத்தில் வைத்து அளந்தால், 42 விழுக்காடு சரக்கு 46 என்று காட்டும். “அளந்து பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது” என்று சொல்பவர் என்ன வெப்பநிலையில் அளந்தார் என்று கேளுங்கள். குழாயைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20 காட்டும்போது படிக்க வேண்டும். பீப்பாயிலிருந்து கரைந்து வந்த பொருள்கள் அடர்த்தியைக் கூட்டுவதால், அசல் 46 விழுக்காடு மால்ட் சற்றே குறைத்துக் காட்டலாம், 45.7 வந்தால் கவலையில்லை. இந்தப் போத்தல் 29 டிகிரியில் 43.5 காட்டியது. 20 டிகிரியில் 40. ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவும் 40தான். மலிவான பிளெண்டுகளில் (மால்ட்டையும் தானிய விஸ்கியையும் கலந்தவை) பெரும்பாலானவை அதே அளவில்தான் நிரப்பப்படுகின்றன.

அடுத்தது கலங்கல் சோதனை. குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பு அமில எஸ்டர்கள் தங்கியிருக்கும். செறிவு இறங்கிக் குளிர்ந்தால் அவை பிரிந்து பனிமூட்டம் போலாகும். 20 மில்லி விஸ்கியுடன் 20 மில்லி குளிர்ந்த தண்ணீர் சேர்த்து, மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். பக்கத்தில், வடிகட்டாதது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு மால்ட்டையும் அதேபோல் வையுங்கள். காலையில் துணைக்கு வைத்தது கலங்கியிருந்தது, இது கண்ணாடிபோல் இருந்தது. இந்தச் சோதனை மட்டும் தனியாகப் போதாது. ஆனால் செறிவும் 6 விழுக்காடு குறைந்து, கலங்கலும் வராவிட்டால் போலி என்பதில் சந்தேகமில்லை.

நிறத்தை நம்பவே வேண்டாம். ஸ்காட்ச்சில் தண்ணீரும் சாதாரணக் கேரமல் நிறமியும் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. கருஞ்சிவப்பாக இருப்பது வயதுக்கும் ஷெரிக்கும் சான்றாகாது.

சுவைத்து உறுதிசெய்ய முக்கோணச் சோதனையும் நடந்தது (அது ஏன் தவறு என்பது கீழே). உரிமம் பெற்ற கடையில் முன்பு வாங்கிய அதே ரகத்தின் மிச்சம் ஒருவரிடம் இருந்ததால் இது முடிந்தது. அசலை முதலில் 40 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும்: 46 விழுக்காடு சரக்கு 20 மில்லிக்கு 3 மில்லி தண்ணீர். இல்லாவிட்டால் காரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நிறம் தெரியாத மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் மற்றது; வேறாக இருக்கும் கோப்பையைக் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை ஆளுக்கு ஆள் மாற வேண்டும். குருட்டாம்போக்கில் ஆறு பேரில் ஐந்து பேராவது சரியாகச் சொல்ல வாய்ப்பு 100க்கு 2 கூட இல்லை. இங்கே ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். அசலில் உலர்திராட்சை, வால்நட், பழைய மரப்பெட்டி வாசம், நெடுநேரம் நிற்கும் கசப்பினிப்பு. போலியில் டாஃபி, வனிலா, மூக்கில் குத்தும் தானியச் சாராய வாடை, விழுங்கியதும் ஒன்றுமில்லை.

ஒரு பெரிய தவறை மறைக்கக் கூடாது. சந்தேகம் எழுந்த பிறகு இதைச் சுவைத்திருக்கவே கூடாது. இந்த முறை உள்ளே பிளெண்ட் இருந்தது, மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் இருந்திருந்தால்? மெத்தனாலும் எத்தனாலும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி, ஹைட்ரோமீட்டர் வேறுபாடு காட்டாது. நாக்கும் காட்டாது. தீப்பற்றவைத்துச் சுடரின் நிறம் பார்ப்பது வெறும் நம்பிக்கை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர். அறிகுறிகள் 12 முதல் 24 மணி நேரம் கழித்தும் வரலாம்: பார்வை மங்குதல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல். வந்தால் உடனே 995 ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். உறையோ செறிவோ தவறினால் போத்தலை அங்கேயே மூடிவிட வேண்டும்.

மலிவுச் சரக்குக்குக் கணக்கு ஒன்றே போதும். இங்கே விஸ்கிக்கான தீர்வை, தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடு ஒரு லிட்டர் போத்தலுக்கு 35 வெள்ளி 20 காசு தீர்வை, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. யாராவது அதை 30 வெள்ளிக்கு நீட்டினால், ஒன்று தீர்வை கட்டாதது, இல்லையேல் விஸ்கியே அல்ல. தீர்வை கட்டாததை வாங்குவதும் குற்றம்தான். விமான நிலையச் சலுகையில் கொண்டுவந்தது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, விற்பனைக்கல்ல. உரிமமின்றி மது விற்பதற்கும் இங்கே அனுமதியில்லை.

ஏமாந்துவிட்டால் போத்தலைக் காலி செய்யாதீர்கள். மிச்சம், உறைத்துண்டு, தக்கை, விளம்பரப் படம், உரையாடல், பேநவ் பதிவு எல்லாம் சான்று. செயலியில் புகார் செய்வதோடு காவல்துறையிலும் புகார் கொடுங்கள். 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணிலும் வழி கேட்கலாம். விற்றவரின் பெயரும் முகவரியும் தெரிந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: வரம்பு 20,000 வெள்ளி, அவகாசம் 2 ஆண்டு. எம்ஆர்டி வாயிலில் வாங்கியவரிடம் அந்த முகவரிதான் இருக்காது.

வீட்டில் நல்ல போத்தல் ஒன்று முடிந்தால், லேபிளில் அழியாத மைப்பேனாவால் குறுக்காகக் கோடிழுத்து, உறையை வெட்டி, தக்கையைத் தனியாக எறிந்துவிடுங்கள். பெட்டியோடு சேர்த்து அப்படியே கரங்குனிக்காரரிடம் (வீடு வீடாகப் பழைய பொருள் வாங்குபவரிடம்) கொடுக்க வேண்டாம்.