மாற்று இதயமா, பம்பா, மருந்தே போதுமா? 65-ஐத் தாண்டியவர்களுக்கான கணக்கு

இதயச் செயலிழப்பு முற்றியவருக்கு வயது 65-க்கு மேல் என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த வயசுல இதயம் மாத்துவாங்களா?" மாற்றுவார்கள். இதய, நுரையீரல் மாற்றுக்கான சர்வதேசச் சங்கம் 2006-லேயே 70 வயது வரை பரிசீலிக்கலாம், அதற்கு மேல் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்துச் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தியாவிலும் 65-ஐத் தாண்டியவர்கள் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பதிய முடியாது என்றிருந்த வரம்பை மத்திய அரசு 2023-இல் எடுத்துவிட்டது. பிறந்த தேதியைவிட அதிகம் பேசுபவை நான்கு: சிறுநீரகம், நுரையீரல் தமனியின் அழுத்தம், இதயத்தின் வலது பக்கம், உடம்பில் மிச்சமிருக்கும் தசை.

மாற்று இதயம், தளர்ந்த இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பொருத்தும் மின்பம்பு, மருந்து மட்டும் என்ற மூன்றையும் ஒப்பிடும் முன் ஒரு வடிகட்டல். முதியவரின் இதயச் செயலிழப்பில் சரிசெய்யக் கூடிய காரணம் ஒளிந்திருப்பது உண்டு. அயோர்டிக் வால்வு சுருங்கியிருந்தால் தொடை வழியாகவே புது வால்வு வைக்கலாம். இடது பக்க மின்கடத்தல் தடைபட்டிருந்தால் மூன்று கம்பி பேஸ்மேக்கர் உதவலாம். இதயச் சுவர் தடித்திருந்தால் அமிலாய்டு நோயா (தசையில் தவறான புரதம் படிவது) என்று பார்த்தே ஆக வேண்டும். அதில் கீழறை சிறிதாக இருப்பதால் பம்பு சரியாக உறிஞ்சாது. நான்கு வகை அடிப்படை மருந்துகளும் தாங்கும் அளவுக்கு ஏற்றப்பட்டனவா என்பதும் முக்கியம். முன்பு தாங்கிய மருந்தை இப்போது ரத்த அழுத்தம் சரிவதால் குறைக்க நேர்ந்தால், அதுவே நோய் முற்றுவதன் அறிகுறி. பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது.

எண்களை முதலில் பார்த்துவிடலாம். மாற்று இதயம் பெற்ற பெரியவர்களில், எல்லா வயதையும் சேர்த்து, பாதிப் பேர் 12 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். 65-க்கு மேல் இது சற்றுக் குறைகிறது. இடது கீழறைத் துணைப் பம்பு என்றால் இன்று பெரும்பாலும் ஹார்ட்மேட் 3தான். போட்டியாக இருந்த எச்வேட் 2021-இல் சந்தையை விட்டுப் போய்விட்டது. மொமென்டம் 3 ஆய்வில் ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் 5 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 58 சதவீதம். அதற்கு முந்தைய தலைமுறைப் பம்பில் 44 சதவீதம். மருந்து மட்டும்? 2001-இல் வந்த ரீமேட்ச் ஆய்வில், மாற்றுக்குத் தகுதியில்லாத கடைசிக்கட்ட நோயாளிகளில் ஓராண்டைத் தாண்டியவர்கள் 25 சதவீதம்தான்; அன்றைய பழைய பம்பிலேயே 52 சதவீதம். மருந்துகள் அதன்பின் வெகுவாக முன்னேறிவிட்டன. இந்த எண்களை நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. மாற்று இதயம் கிடைப்பவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்ட, ஓரளவு திடமானவர்கள்.

உண்மையான வேறுபாடு அறுவை முடிந்தபின் தொடங்குகிறது.

மாற்று இதயத்தின் பகை சிறுநீரகம். எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ், சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைச் சுருக்குகிறது. முதல் இரண்டு மாதம் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10–15 நானோகிராம் என்று உயர்வாக வைக்க வேண்டும். பிறகுதான் படிப்படியாக 5–10-க்கு இறக்குவார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 30-க்குக் கீழே இருப்பவருக்கு இதயம் மட்டும் மாற்றினால் டயாலிசிஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். இங்கே ஒரு ஏமாற்று வேலை நடக்கும். மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு, அதனால் தசைக் கழிவான கிரியேட்டினினும் குறைவாகவே உற்பத்தியாகும், 1.2 என்ற அறிக்கையைப் பார்த்து "கிட்னி நல்லா இருக்கு" என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். தசையளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வயதானவருக்குச் சாதகமான அம்சமும் ஒன்று உண்டு. எதிர்ப்பாற்றலும் கூடவே முதுமை அடைவதால், புது இதயத்தை உடல் தாக்கி நிராகரிப்பது இளைஞர்களைவிடக் குறைவு. அதே காரணத்தால் தொற்றும் புற்றுநோயும் அதிகம். நம் ஊரில் காசநோயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மாற்றுக்குப் பின் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால், டாக்ரோலிமஸ் அளவு சில நாளிலேயே சரிந்துவிடும். நிராகரிப்பு அங்கே தொடங்கலாம். பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் வகை மாத்திரைகள் எதிர்த்திசையில் அளவை ஏற்றும். பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் இதோடு முடிய வேண்டும்.

பம்புக்கு இந்த மாத்திரைகள் தேவையில்லை. அதன் பகை குடல். ரத்தம் இடைவிடாமல் சுழலும்போது உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்ட் புரதம் சிதைகிறது. குடலில் மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சுகள் உண்டாகின்றன. மேலே உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் வேறு; ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2–3-இல் இருக்க வேண்டும். முதியவர்களிடம் குடலில் ரத்தம் கசிவது கூடுதல். 2023-இல் வந்த ஏரீஸ் ஆய்வு, ஹார்ட்மேட் 3-க்கு ஆஸ்பிரினை விட்டுவிட்டால் ரத்தக்கசிவு குறைகிறது, உறைகட்டி கூடுவதில்லை என்று காட்டியது. பழைய வழக்கப்படி ஆஸ்பிரின் எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

அடுத்தது வலது இதயக் கத்தீட்டர் பரிசோதனை: மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் அழுத்தத்தை அளப்பது. ஒரே பரிசோதனை இரண்டு வழியையும் எதிரெதிர்த் திசையில் தள்ளும் இடம் இது. நுரையீரல் ரத்தநாளத் தடை 3 வுட் அலகுக்கு மேல் போய், மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்றால் மாற்று ஆபத்து: அந்தத் தடைக்குப் பழகாத கொடை இதயத்தின் வலது கீழறை முதல் நாளிலேயே தளர்ந்துபோகலாம். அதே நோயாளிக்குப் பம்பு வைத்தால், இடது பக்கத் தேக்கம் வடிந்து, சில மாதத்தில் அந்தத் தடை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பம்பு இடது பக்கத்தை மட்டுமே தாங்கும். மையச் சிரையழுத்தம் (இதயத்தின் வலது பக்கத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தம்) 15-க்கு மேல், வீங்கிய கல்லீரல், வயிற்றில் நீர் என்றிருந்தால் வலது பக்கம் பம்புக்கு ரத்தம் ஊட்டாது. எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. அப்படிப்பட்டவருக்கு, தடை குறைவாக இருந்தால், முழு இதயமும் மாறுவதே நல்லது.

வீட்டு நிலவரத்தை மருத்துவமனைகள் போதுமான அளவு விசாரிப்பதில்லை. பம்பின் கம்பி வயிற்றுத் தோல் வழியே வெளிவருகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி கைதவறிக் கீழே விழுந்து கம்பியை ஒருமுறை இழுத்தாலே துளையில் கிழிசல், பிறகு சீழ். நங்கூரப் பட்டையால் கம்பியை எப்போதும் வயிற்றோடு ஒட்டியே வைக்க வேண்டும். இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. ஒன்றை மாற்றி, பச்சை விளக்கைப் பார்த்த பிறகே அடுத்தது. ஒரு ஜோடி புதிதாக இருக்கும்போது 17 மணி நேரம் வரை தாங்கும், ஆகவே மின்வெட்டு உடனடி ஆபத்தில்லை. குளம், ஆறு, தொட்டிக் குளியல் இனி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது. கை நடுங்கும், கண் மங்கிய 72 வயதுக்காரரால் கட்டுப்போட்டு பேட்டரி மாற்ற முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மாற்று இதயத்துக்கும் ஆள் வேண்டும், ஆனால் வேலை வேறு: மாத்திரை நேரம் தவறாமல் பார்ப்பது, முதல் மாதம் வாராவாரம் நிராகரிப்பு உண்டா என்று பார்க்கக் கழுத்துச் சிரை வழி இதயத் தசைத்துணுக்கு எடுக்க அழைத்துப் போவது. புது இதயத்துக்கு நரம்பிணைப்பு இல்லாததால் அடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். மூச்சிரைப்பையே வலியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிடைப்பதிலும் வேறுபாடு உண்டு. காசு இருந்தால் பம்பு கிடைக்கும். கொடை இதயம் சுமார் 4 மணி நேரத்துக்குள் மறுபடி துடிக்க வேண்டும். ரத்த வகையும் உடல் அளவும் பொருந்த வேண்டும். ஓ வகைக்காரர்கள் அதிகம் காத்திருப்பார்கள். 1990-களில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. மருத்துவமனை, மற்றவர்களுக்கு வேண்டாம் என்று விலக்கப்பட்ட, சற்றுக் குறையுள்ள இதயங்களை முதியவர்களுக்கு வைக்க மாற்றுப் பட்டியலே வைத்திருந்தது. 55 வயதுக் கொடையாளரின் இதயம் வருமென்றால் கொரோனரி ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

நம் கணிப்பு: 70-க்குள், சிறுநீரகம் 45-க்கு மேல் வடிகட்டி, தானாக நடந்துபோகிறவர் என்றால் மாற்றுப் பட்டியலில் முதலில் பதியுங்கள். 70-ஐத் தாண்டி, இடது பக்கம் மட்டுமே தளர்ந்து, வீட்டில் ஆள் இருந்தால் பம்பைப் பற்றிப் பேசலாம். ஓராண்டில் எடை சரிந்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவருக்கு இரண்டு அறுவையும் ஐ.சி.யு.வில் நீண்ட நாட்களைத்தான் கொடுக்கும்.

அவருக்கான மூன்றாவது வழியைக் கைவிடுதல் என்று நினைக்க வேண்டாம். நீர் வெளியேற்றும் மாத்திரையை எடைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது, மூச்சுத்திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின், சில இடங்களில் வீட்டிலேயே இதயத்தின் சுருங்கும் வலுவைக் கூட்டும் மில்ரினோன் சொட்டு. மில்ரினோன் நாட்களைக் கூட்டாது, இருக்கும் நாட்களை இலகுவாக்கும். நெஞ்சில், தாறுமாறான துடிப்பைச் சரிசெய்யும் அதிர்ச்சிக் கருவி (ஐ.சி.டி.) இருந்தால் அதன் அதிர்ச்சியை எப்போது அணைப்பது என்று நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டு, எழுதி, குடும்ப மருத்துவரிடமும் ஒரு நகல் கொடுத்து வைக்க வேண்டும்.